டார்லீன் கையெழுத்துப் போட்ட காற்றாலைகள்

எங்கள் பக்கத்தில் யாரும் பழைய டிராக்டரைக் கழித்துக் கட்டுவதில்லை. புதிது வாங்குவோம். பழையது கொட்டகைக்குள் கொஞ்சம் தள்ளி நிற்கும். தானியம் ஏற்ற அது இருக்கட்டும், பனி தள்ள இது இருக்கட்டும் என்று ஆளுக்கொரு சாக்கு. என் கொட்டகையில் என் அப்பா வாங்கியது, நான் வாங்கியது, மாமனார் போனபின் வந்து சேர்ந்தது என்று வரிசையாக நிற்கின்றன. எல்லாமே ஓடும், எல்லாமே டீசல் குடிக்கும். வீட்டுக்குள்ளும் இதே கதைதான். மின்சாரம் குறைவாக இழுக்கும் என்று சொல்லிப் புது ஃப்ரிட்ஜ் சமையலறைக்கு வந்தது. பழையது, பீர் வைக்க ஆகும் என்று கராஜுக்குப் போனது. எங்கள் நெப்ராஸ்கா மாநிலத்தில் கராஜில் பீர் ஃப்ரிட்ஜ் இல்லாத ஒரு வீட்டைக் காட்டுங்கள், நான் ஒரு பக்க மீசையை எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிப்பட்ட ஜனங்கள் நாங்கள். புதுக் காற்றாலை வந்தால் பழைய அனல் மின் நிலையத்தை மூடிவிடுவார்கள் என்று எப்படி நம்பினோம்? நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. நம்பியவர்களில் முதல் ஆள் என் மனைவி டார்லீன். அந்த நம்பிக்கைக்காக அவள் தன் தம்பியையே விட்டுக்கொடுத்தாள்.

தம்பி பெயர் டுவேன். கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவன். பள்ளிக்கூடம் முடித்த கையோடு ஆற்றங்கரையில் இருக்கும் அந்த நிலக்கரி நிலையத்தில் சேர்ந்தான். கரி அள்ளும் வேலையில் தொடங்கி, கொதிகலனைக் கவனிக்கும் அறையில் ஷிப்ட் மேலாளர் வரைக்கும் வந்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வருவான். கதவைத் தட்டமாட்டான், பின்பக்கமாக நுழைந்து நேரே அடுப்பில் இருக்கும் பாத்திரத்தைத் திறந்து பார்ப்பான். வறுத்த வாத்து, மாவு உருண்டை, புளித்த முட்டைக்கோஸ். செக் நாட்டிலிருந்து வந்த எங்கள் ஜனங்கள் இந்த டோப்ரி ஊரில் குடியேறிய காலத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு சாப்பாடு கிடையாது. டார்லீன் அவனைத் திட்டிக்கொண்டே பரிமாறுவாள். அக்காவும் தம்பியும் கொஞ்சிக்கொள்வது அப்படித்தான்.

அந்த மார்ச் மாத வெள்ளம் வராமல் இருந்திருந்தால் இதெல்லாம் இப்படியே போயிருக்கும். தரை உறைந்து கல்லாகக் கிடந்தது. அதன்மேல் பனி, பனியின்மேல் விடாத மழை. தண்ணீர் தரைக்குள் இறங்க வழியில்லை. ஆறு ஐஸ் பாளங்களைத் தூக்கிக்கொண்டு எங்கள் நிலத்துக்குள் புகுந்தது. மாடுகள் கன்று போடும் பருவம் அது. டார்லீன் மாட்டுக்கொட்டகையை விட்டு வரமாட்டேன் என்று நின்றுவிட்டாள். டுவேன்தான் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஐஸ் தண்ணீரில் இறங்கி, அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். அவள் இரண்டு கையாலும் ஒரு கன்றை இறுக்கிப் பிடித்திருந்தாள். அந்தக் கன்றை எங்கள் குளியல் தொட்டியில் வெந்நீர் விட்டுப் பிழைக்க வைத்தோம். மற்ற மாடுகளைத் தண்ணீர் வடிந்தபின் வேலிக்கம்பிகளிலிருந்து பிய்த்து எடுத்தோம். டார்லீன் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எடுத்தாள்.

வானிலை ஏன் இப்படிக் கெட்டது என்று அதற்கப்புறம் படிக்க ஆரம்பித்தாள். அதுதான் வம்பு. மாட்டுச் சந்தை விலை தவிர எதையும் வாசிக்காதவள், எந்த நாடு எவ்வளவு புகை விடுகிறது, அது எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது என்று சாப்பாட்டு மேசையில் பாடம் எடுக்கத் தொடங்கினாள்.

"ஜெரோம், மொத்தமே மூணு விஷயம்தான். எத்தனை பேரு இருக்கோம். ஆளுக்கு எவ்வளவு வேணும்ங்கறோம். அத செஞ்சு குடுக்குற மிஷினு எவ்வளவு புகை விடுது. மூணையும் பெருக்கிக்கோ. அவ்வளவுதான் ஒரு நாட்டோட கணக்கு."

"சரி, உருளைக்கெழங்க இந்தப் பக்கம் தள்ளு."

"கிண்டல் பண்ணு, உனக்கென்ன. மொத ரெண்டயும் நாம தொட முடியாது. புள்ள பெத்துக்காதேன்னு யார்கிட்ட போய் சொல்றது? பெரிய வண்டி வாங்காதேன்னு சொல்லி எவன் ஓட்டு கேப்பான்? மூணாவது ஒண்ணுதான் நம்ம கையில இருக்கு. மிஷின மாத்தணும்."

"மாத்தட்டும், யார் வேணாங்கறா."

"நாமதான் மாத்தணும். நம்ம மேட்டு நிலத்துல காத்து எப்படி அடிக்குதுன்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். என் தலையிலிருந்து எத்தனை தொப்பிகளைக் கொண்டுபோயிருக்கிறது அந்தக் காற்று.

அவள் இதைச் சொல்லிக் கொஞ்ச நாளிலேயே காற்றாலைக் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். மேட்டு நிலம் டார்லீன் பிறந்த வீட்டுச் சொத்து, அவள் பெயரில் இருந்தது. சுற்றிலும் எத்தனை பேர் சம்மதித்தாலும் மின்கம்பிகள் அந்த மேட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். அவள் இல்லை என்றால் எதுவும் இல்லை. காற்றாலைகள் ஓடத் தொடங்கியதும் ஆற்றங்கரை நிலையத்தை மூடுவதாக மின் வாரியமே அறிவித்திருந்தது. டார்லீன் பிடித்துக்கொண்டது அந்த ஒரு வார்த்தையைத்தான்.

மாதா கோயில் மண்டபத்தில் ஊர்க் கூட்டம் போட்டார்கள். யார் வேண்டுமானாலும் எழுந்து மூன்று நிமிடம் பேசலாம், சிவப்பு விளக்கு எரிந்தால் உட்கார்ந்துவிட வேண்டும். டுவேன் முதலில் எழுந்தான். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவன், தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே பேசினான்.

"பள்ளிக்கூடம் முடிச்சதுலேருந்து நான் அந்த பிளான்ட்டுலதான் இருக்கேன். இந்த ஊருக்கு வரி கட்டுறது அது. பொறந்ததுலேருந்து உங்க வீட்டுல லைட்டு எரிய வெக்கிறது அது. அத மூடினா நாங்க எங்க போறது? காத்தாடிக்கு எண்ணெய் போட ரெண்டு ஆளு போதும். மத்தவன் எல்லாம் என்ன செய்யணும், சொல்லுங்க."

கைதட்டினார்கள். அடுத்து டார்லீன் எழுந்தாள். அவன் முகத்தைப் பார்த்துத்தான் பேசினாள்.

"இப்ப பேசினது என் தம்பி. அவன் சொன்னது அத்தனையும் நெசம். மூடினா அவன் வேலை போகும். அது தெரிஞ்சுதான் நான் கையெழுத்துப் போடறேன். அந்த வெள்ளத்துல செத்த மாடுகள இந்தக் கையாலதான் இழுத்தேன். இன்னொரு தடவ என்னால முடியாது. டுவேன், நீ என்ன மன்னிக்க வேணாம். ஆனா அந்தக் கொதிகலன் அணையணும்."

சிவப்பு விளக்கு எரிவதற்கு முன்பே உட்கார்ந்துவிட்டாள். டுவேன் தொப்பியைப் போட்டுக்கொண்டான். தான் உட்கார்ந்திருந்த மடக்கு நாற்காலியை மடக்கி, சுவரோரம் மற்ற நாற்காலிகளோடு சேர்த்துச் சாய்த்து வைத்துவிட்டு வெளியே போனான்.

எங்கள் ஜனங்களுக்குச் சண்டை போடத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு நாள் வாய்க்கு வந்தபடி கத்தி, ஒரு வாரம் முறைத்துக்கொண்டு, பிறகு ஒன்று சேர்ந்திருப்பார்கள். டுவேன் ஞாயிற்றுக்கிழமை வருவதை நிறுத்தினான், அவ்வளவுதான். கடையில் பார்த்தால் வானிலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வான். பனி கொட்டிய நாட்களில், நாங்கள் எழுந்திருப்பதற்கு முன்பே தன் பிக்கப் வண்டியில் வந்து எங்கள் வாசல் பாதையின் பனியைச் சுத்தமாகத் தள்ளிவிட்டுப் போயிருப்பான். பேசமாட்டானாம், பனி மட்டும் தள்ளுவானாம். டார்லீன் ஜன்னல் ஓரம் நின்று அந்தச் சுத்தமான பாதையைப் பார்த்துக்கொண்டே காப்பி குடிப்பாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கப் பிடிக்காது, மாடுகளைப் பார்க்கிறேன் என்று கிளம்பிவிடுவேன். எங்கள் பெண் கெல்சியின் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது, டுவேன்தான் ஞானத்தகப்பனாக நிற்க வேண்டும் என்று டார்லீன் ஆள் அனுப்பிக் கேட்டாள். ஷிப்ட் இருக்கிறது என்று பதில் வந்தது. அவனுக்கு அன்றைக்கு ஷிப்ட் இல்லை என்பது அவளுக்கும் எனக்கும் தெரியும்.

"பரவால்ல. அது மூடினதும் அவனுக்குப் புரியும்" என்றாள். பாத்திரத்தைத் துடைத்து வைத்துவிட்டு, "புரியாட்டியும் பரவால்ல. மூடினா போதும்" என்றாள்.

காற்றாலைகள் எழும்பின. அழகாகத்தான் இருந்தன. பொய் சொல்லமாட்டேன், முதல் நாள் அவை சுற்றியபோது நானும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். நிலையத்தை மூடும் தேதியும் குறித்துவிட்டார்கள். டுவேனோடு வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் வடக்கே எண்ணெய் வயல்களுக்குப் போய்விட்டார்கள்.

அப்போதுதான் டேட்டா சென்டர் வந்தது. ஊருக்குத் தெற்கே இருந்த சோளக்காடு அத்தனையையும் யாரோ வாங்கினார்கள். வாங்கியது யார் என்று தெரிவதற்குள் ஜன்னலே இல்லாத கட்டடங்கள் எழும்பி நின்றன. உள்ளே மனிதர்கள் இல்லை, மிஷின்கள்தான். உலகத்தில் யார் எந்தக் கேள்வி கேட்டாலும் அந்த மிஷின்கள் யோசித்துப் பதில் சொல்லுமாம். நான் கேட்காத கேள்விகளுக்கெல்லாம் என் ஊரில் உட்கார்ந்துகொண்டு பதில் சொல்கின்றன.

ஊர் துள்ளிக் குதித்தது, நானும்தான் குதித்தேன். பிள்ளைகள் இல்லாமல் மூடவிருந்த பள்ளிக்கூடத்துக்கு மறுபடியும் பெயின்ட் அடித்தார்கள். டென்வரில் குடும்பம் நடத்திக்கொண்டிருந்த கெல்சியும் மாப்பிள்ளை டிராவிஸும், அவனுக்கு அந்தக் கட்டடத்தில் மிஷின்களைக் குளிரூட்டும் வேலை கிடைத்து, குழந்தைகளோடு திரும்பி வந்தார்கள். புது வீடு கட்டினார்கள். மூன்று வண்டிகள். கராஜ் தரை குளிர்காலத்தில் சூடாக இருக்க வேண்டும் என்று அதற்குள் வெந்நீர்க் குழாய் வேறு பதித்தார்கள். தரைக்குக் காலுறை போட்டுவிட்ட மாதிரி.

டார்லீன் பேரக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, தூரத்தில் தெரிந்த கட்டடங்களைப் பார்த்தபடி ஒரு நாள் சொன்னாள்: "மூணு கணக்குன்னு சொன்னேன்ல, ஜெரோம். மொதக் கணக்கு என் மடியில உக்காந்திருக்கு. ரெண்டாவது கணக்கு அவங்க கராஜுல நிக்குது."

"அதுக்கு இப்ப என்ன பண்ணப்போற?"

"என்னத்த பண்றது. இதுக்கு டயபர் மாத்தணும்."

அடுத்த வசந்தத்தில் மின் வாரியம் மறுபடி அதே மண்டபத்தில் கூட்டம் போட்டது. ஹாலி என்று ஒரு இளம் பொறியாளர் திரையில் படம் காட்டினாள். நல்ல பெண், எதையும் மறைக்கவில்லை. நாட்டில் ஒவ்வொரு டாலர் சம்பாதிக்கவும் ஆகும் புகை வருடா வருடம் குறைகிறது என்று ஒரு கோடு கீழே இறங்கியது. ஒரு மிஷின் ஒரு வேலையைச் செய்ய இழுக்கும் மின்சாரமும் பாதியாகிவிட்டது என்று இன்னொரு கோடு அதைவிட வேகமாக இறங்கியது.

நான் கையைத் தூக்கினேன். "எல்லாம் கீழதான் போகுது. அப்புறம் எதுக்கும்மா எங்கள கூப்பிட்டீங்க?"

"மொத்தம் எவ்வளவுங்கறது அடுத்த படத்துல வருது, சார்" என்றாள். அடுத்த படத்தில் கோடு மேலே போனது. மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள்.

"பாதி மின்சாரத்துல ஓடுதுன்னதும் டேட்டா சென்டர்காரங்க நாலு மடங்கு மிஷின் வாங்கிட்டாங்க. காத்தாலை எல்லாம் சேத்தும் போதல. அதனால ஆத்தங்கரை நிலையத்த இப்போதைக்கு மூட முடியாது" என்றாள் ஹாலி.

டார்லீன் எழுந்தாள். "இப்போதைக்குன்னா எப்ப வரைக்கும்?"

"தேவை குறையற வரைக்கும், மேடம்."

"எங்கயாவது எப்பயாவது கொறைஞ்சிருக்கா?"

ஹாலி திரையைப் பார்த்தாள். அதில் இன்னும் அந்தக் கோடு நின்றுகொண்டிருந்தது. "எனக்குத் தெரிஞ்சு இல்ல, மேடம்" என்றாள். அந்தப் பதிலுக்காக அவள்மேல் எனக்கு மரியாதை உண்டு.

வண்டியில் வீட்டுக்கு வரும்போது நான், "நம்ம கொட்டகைய ஒரு தடவ பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்கும். நாம எதத் தூக்கிப் போட்டிருக்கோம்?" என்றேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இரண்டு குளிர்காலம் போயிற்று. டார்லீன் படிப்பதை விட்டுவிட்டாள். காற்றாலைகள் பக்கம் பார்ப்பதையும் விட்டுவிட்டாள். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு மூலையில் அவள் காத்துக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியும். செய்தித்தாள் வந்ததும் வாரியத்தின் பெயர் இருக்கிறதா என்று ஒரு பார்வை ஓட்டிவிட்டுத்தான் மடித்து வைப்பாள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், வாசல் மணி அடித்தது. எங்கள் வீட்டில் வாசல் மணியை விற்பனைக்காரர்கள் மட்டும்தான் அடிப்பார்கள். டார்லீன் மாவு ஒட்டிய கையோடு போய்த் திறந்தாள். டுவேன் நின்றிருந்தான். நரைத்துப்போயிருந்தான். கையில் கசகசா வைத்த பன் ஒரு பெட்டி.

"பின்கதவு எங்க போச்சு உனக்கு?" என்றாள் அவள்.

"ரொம்ப நாளாச்சே. பூட்டி வெச்சிருப்பியோன்னு பாத்தேன்."

"இந்த வீட்டுக்கு சாவி இருக்கான்னே எனக்குத் தெரியாது. உள்ள வாடா, குளிரு வருது."

அவன் நேரே அடுப்புக்குப் போய்ப் பாத்திரத்தைத் திறந்து பார்த்தான். டார்லீன் கரண்டியால் அவன் கையில் ஒன்று வைத்தாள். நான் கராஜுக்குப் போய் பீர் எடுத்துவந்தேன்.

"யோவ் ஜெரோம், தொப்பிக்குள்ள இருந்த முடியெல்லாம் எங்கய்யா?"

"நீ கோவிச்சுக்கிட்டுப் போனதும் அதுவும் கெளம்பிருச்சு. நீ வந்துட்ட, அது வரல."

சிரித்தான். மூன்று பேரும் உட்கார்ந்தோம். ஜெபம் சொன்னோம். டார்லீன் அவன் தட்டில் வாத்தின் கால் பகுதியை வைத்தாள், மாவு உருண்டைகளின்மேல் குழம்பை ஊற்றினாள். பழையபடி திட்டவும் ஆரம்பித்தாள். இவ்வளவு இளைத்துவிட்டாயே, டப்பாவைத் திறந்து சாப்பிட்டே செத்துப்போவாய் என்று. அவள் அவ்வளவு பேசி நான் கேட்டுப் பல வருடம் ஆயிற்று.

அவன் பாதி சாப்பிட்டபின் சொன்னான்: "வாரியத்துல முடிவு பண்ணிட்டாங்க, டார்லி. நாளைக்குப் பேப்பர்ல வரும். மூடற பேச்சையே எடுத்துட்டாங்க. பக்கத்துல புதுசா கேஸ்ல ஓடற நிலையம் ஒண்ணும் கட்டப்போறாங்க. நம்மளோடதும் ஓடும், அதுவும் ஓடும். என்னயும் ரிட்டயர் ஆக விடமாட்டேங்கறாங்க, ஆளு இல்லன்னு."

டார்லீன் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அதான் வந்தேன்" என்றான்.

"அதான்னா?"

"நமக்குள்ள இனிமே என்ன இருக்கு சொல்லு. சண்டையே அத மூடறதப் பத்திதானே. மூடல. முடிஞ்சுபோச்சு. உன்மேல எனக்கு ஒண்ணும் இல்ல."

பெருந்தன்மையாகத்தான் சொன்னான். அதுதான் கொடுமை. ஜெயித்தவனின் குத்தல் ஒரு துளிகூட அவன் குரலில் இல்லை. இத்தனை வருடம் நெஞ்சில் கிடந்ததை இறக்கி வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டோம் என்ற நிம்மதியோடு மாவு உருண்டையை வெட்டிக்கொண்டிருந்தான்.

"ஒண்ணு கேக்கறேன். பொய் சொல்லாத" என்றாள் டார்லீன்.

"எனக்கு எங்க பொய் வரும்?"

"என் காத்தாடி சுத்தறப்ப, நீங்க அங்க கரியக் கொறைக்கறீங்களா?"

டுவேன் என்னைப் பார்த்தான். நான் தட்டைப் பார்த்தேன்.

"மொதல்ல கொறைச்சோம். ராத்திரியில காத்து நல்லா அடிக்கும், அப்ப தீயத் தணிச்சு வெப்போம். அந்தக் கட்டடம் வர்ற வரைக்கும்."

"இப்ப?"

"இப்ப காத்து அடிச்சாலும் அடிக்காட்டியும் முழுசாத்தான் எரியுது. வயோமிங்லேருந்து வர்ற கரி ரயிலு முன்னயவிட ஜாஸ்தி."

"அப்ப என் காத்தாடி கரண்டு எங்க போகுது?"

"அந்தக் கட்டடத்துக்குத்தான். உன்னோடதும் அங்கதான் போகுது, என்னோடதும் அங்கதான் போகுது. எவ்வளவு குடுத்தாலும் அதுக்குப் போதல, டார்லி." அவளுக்கு நல்லதாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று, "உன்னோடது இல்லாட்டி இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி எரிச்சிருப்போம்" என்றான்.

டார்லீன் கையில் காய்ந்து ஒட்டியிருந்த மாவை நகத்தால் சுரண்டினாள். நான் அவள் முதுகில் கை வைக்கப் போனேன், அவள் நகர்ந்துகொண்டாள்.

"ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் உனக்கு ஒரு தட்டு எடுத்து வெச்சிட்டு, திரும்ப உள்ள வெப்பேன்டா. புள்ள ஞானஸ்நானத்துக்கு நீ வராதப்ப எல்லார் முன்னாடியும் சிரிச்சுக்கிட்டே நின்னேன். எப்படித் தாங்கினேன்னு நெனைக்கற? அந்தக் கொதிகலன் அணையும்னுதான். தம்பி போனான், ஆனா அது அணையும். தெனம் அதச் சொல்லித்தான் தூங்குவேன்."

"அதான் வந்துட்டேன்ல, டார்லி."

"நீ வராமலே இருந்திருக்கலாம்டா."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. டுவேன் தூக்கிய முள்கரண்டியைத் தட்டில் வைத்தான். கொதிகலன் அணைந்து தம்பி வராமலே போயிருந்தாலும் அவள் தாங்கியிருப்பாள் என்று அவனுக்குப் புரிந்தது. அவன் முகம் மெல்ல மெல்லச் சிவந்து, பிறகு வெளுத்தது. எழுந்து போய்விடுவான் என்று நினைத்தேன். போகவில்லை. எங்கே போவான், அவனுக்கு இருப்பது இந்த ஒரு வீடுதான். தலையைக் குனிந்துகொண்டு, தட்டில் மீதியிருந்ததைச் சாப்பிட்டு முடித்தான். டார்லீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, அவனுக்கு இன்னும் கொஞ்சம் வாத்து வைத்தாள்.